சாவியை எடுத்த பிறகும் ஓடும் இன்ஜின்

1970களின் பிற்பகுதியில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300டி காரை இன்றும் ஓட்டுபவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். காரை நிறுத்தி, சாவியைத் திருப்பி, உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரக் கோளாறு என்று நினைத்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் அங்கே எல்லாம் சரியாக இருக்கும். பின்கதவுக்குள் பூட்டை அசைக்கும் ஒரு ரப்பர் சவ்வு கிழிந்ததுகூட இதற்குக் காரணமாக இருக்கலாம்.

கதவுக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் வெற்றிடத்தால் இயங்குகின்றன. ஒர்க்‌ஷாப் பேச்சில் சொன்னால், வேக்குவம்.

இந்தக் கார் 1976இல் அறிமுகமான டபிள்யூ123 வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் தயாராயின. மொராக்கோவின் ஊர்களுக்கிடையே பல பத்தாண்டுகள் ஓடிய ‘கிராண்ட் டாக்ஸி’களில் இதன் 240டி மாடல் மிகப் பிரபலம். இந்த வரிசையின் டீசல் கார்களில் பிரேக் பூஸ்டரும், இன்ஜினை நிறுத்தும் ஏற்பாடும் வேக்குவத்தை நம்பியிருப்பவை. சென்ட்ரல் லாக்கிங் இருந்தால் கதவுகள், டிக்கி, டீசல் டேங்க் மூடி ஆகியவற்றின் பூட்டுகளும் அதில்தான் இயங்கும். ஏசி காற்றைத் திசைதிருப்பும் மடல்களும் அப்படியே. ஒரே குழாயில் பல வீடுகள் தண்ணீர் எடுப்பதுபோல எல்லாம் ஒரே இடத்திலிருந்து பிரிகின்றன. ஒரு வீட்டில் ஒழுகினால் இன்னொரு வீட்டில் தண்ணீர் வராது.

வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. வேலை செய்வது நம்மைச் சுற்றியுள்ள காற்று. கடல்மட்டத்தில் அது ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பின் மீதும் சுமார் ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. சவ்வின் இரு பக்கமும் காற்று இருந்தால் அழுத்தம் சமமாகி எதுவும் அசையாது. ஒரு பக்கக் காற்றை உறிஞ்சிவிட்டால், மறுபக்கக் காற்று சவ்வைத் தள்ளும். 500 மி.மீ. பாதரச அளவுக்கு வேக்குவம் கிடைத்தால், 4 செ.மீ. விட்டமுள்ள சவ்வில் எட்டு கிலோவுக்கு மேல் விசை பிறக்கும். பூட்டை அசைக்க அது தாராளம். 22 செ.மீ. விட்டமுள்ள பூஸ்டர் சவ்வில் அதுவே 250 கிலோவைத் தாண்டும். மோட்டார் இல்லாமல், சூடாகாமல், சத்தமில்லாமல் இவ்வளவு பலம் கிடைப்பதால்தான் அந்தக் காலப் பொறியாளர்கள் இதை விரும்பினார்கள். நல்ல தேர்வு என்றே நான் நினைக்கிறேன்.

பெட்ரோல் காருக்கு வேக்குவம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடிக்கொள்ள, பிஸ்டன்கள் காற்றுக்காக உறிஞ்சும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் தானே குறைந்துவிடும். 300டியின் டீசல் இன்ஜினில் த்ராட்டில் இல்லை. காற்று தடையின்றி உள்ளே போகும், டீசலின் அளவை மட்டும் பம்ப் கூட்டிக் குறைக்கும். அதனால் வேக்குவத்துக்கென்று தனியாக ஒரு பம்பை இன்ஜினின் முன்பக்கத்தில் பொருத்தினார்கள்.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. மின்சாரத்தைத் துண்டித்தாலும் அது கவலைப்படாது. டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். சாவியைத் திருப்பியதும் இக்னிஷன் பூட்டின் பின்னாலுள்ள சின்ன வால்வு திறந்து, டீசல் பம்பின் மேலுள்ள சவ்வுக்கு வேக்குவத்தை அனுப்பும். சவ்வு நகர்ந்து டீசலை அடைக்கும். கதவுப் பூட்டு வழியே வேக்குவம் கசிந்துபோனால் அந்தச் சவ்வு நகராது. நிற்காத இன்ஜினை நிறுத்த பானெட்டைத் திறந்து ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்புகோலை அழுத்த வேண்டும். இந்தக் காரை வாங்குபவர் முதல் நாளே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு கேஜும், கேஜ் பொருத்திய கைப்பம்பும் போதும். முதலில் பம்பிலிருந்து வரும் குழாயில் மட்டும் கேஜை மாட்டி இன்ஜினை ஐடிலில் ஓடவிட வேண்டும். நல்ல பம்ப் 500 மி.மீ.க்கு மேல் காட்டும். (2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரத்தில் காற்றழுத்தமே சுமார் 580 மி.மீ.தான். அங்கே குறைவாகக் காட்டினால் பம்பைப் பழிக்கக் கூடாது.) பம்ப் சரி என்றால் கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்க வேண்டும். எதை அடைத்ததும் முள் மேலே ஏறி நிற்கிறதோ, கசிவு அந்தக் கிளையில். பிறகு அந்தக் கிளையில் கைப்பம்பை மாட்டி, வேக்குவம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்தபடியே பின்தொடரலாம்.

அதற்கும் முன்னால் காரே ஒரு துப்பு தரும். பூட்டுவதற்கு ஒரு குழாய், திறப்பதற்கு இன்னொன்று என்று கதவுப் பூட்டுகளுக்கு இரண்டு வழிகள். கதவுகள் பூட்டியிருக்கும்போது இன்ஜின் சட்டென நின்று, திறந்திருக்கும்போது இழுத்தடித்தால், திறக்கும் வழியில்தான் கசிவைத் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

கதவின் உள்பலகையைக் கழற்றினால் பென்சிலைவிட மெல்லிய, நிறக்கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் தெரியும். குழாய் பெரும்பாலும் கதவுக் கீலின் அருகே, ஆயிரக்கணக்கான தடவை மடங்கிய இடத்தில்தான் விரிசல் விடும். அதைவிட அடிக்கடி கெடுவது குழாய்களை இணைக்கும் ரப்பர் துண்டுகள். நாற்பது வருடத்தில் அவை இறுகி, விரலால் அழுத்தினாலே வெடிக்கும். விலை மிகக் குறைவு, அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம். இக்னிஷன் பூட்டுப் பக்கம் போகும் குழாயில் எண்ணெய் தென்பட்டால், டீசலை அடைக்கும் சவ்வு கிழிந்து இன்ஜின் ஆயிலை வேக்குவம் உறிஞ்சியிருக்கிறது என்று பொருள். சவ்வை மாற்றினால் மட்டும் போதாது. எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும், ஆகவே குழாய்களைச் சுத்தம் செய்தே தீர வேண்டும். அடைப்பை எடுக்கிறேன் என்று கம்ப்ரஸர் காற்றை அடித்தால், நன்றாக இருந்த சவ்வுகளும் கிழியும்.

ஆட்டோமேட்டிக் கியர் திடீரென முரட்டுத்தனமாக மாறினால் கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் அதற்குப் போகும் வேக்குவக் குழாயைப் பார்ப்பது புத்திசாலித்தனம். வேக்குவம் குறைந்தால் இன்ஜினுக்குப் பளு கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் அழுத்தத்தைக் கூட்டும், அதனால்தான் அந்தக் குலுக்கல்.

பூட்டுகளுக்குப் போகும் குழாயில் ஒரு திருகாணியைச் செருகி அடைத்துவிடும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு. இன்ஜின் உடனே நிற்கத் தொடங்கும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போவார். ஆனால் சாவியை ஒருமுறை திருப்பினால் எல்லாக் கதவும் மெல்லிய பெருமூச்சோடு பூட்டிக்கொள்ளும் அருமையான ஏற்பாடு அங்கேயே செத்துப்போகிறது. ஒரு நாள் பொறுமையும் சில ரப்பர் துண்டுகளும் இருந்தால் மீட்டுவிடக்கூடிய ஒன்றை இப்படிச் சாகவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிரேக் மட்டும் தள்ளிப்போட முடியாதது. இன்ஜின் நின்றிருக்கும்போது பெடலைப் பலமுறை மிதித்தால் பூஸ்டரில் சேமித்த வேக்குவம் தீர்ந்து பெடல் கெட்டியாகும். மிதித்த காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், பூஸ்டர், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒருவழி வால்வு ஆகிய மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை அந்தக் காரைச் சாலைக்கு எடுக்கக் கூடாது. கதவுப் பூட்டும் ஏசி மடலும் அடுத்த வாரம்வரை காத்திருக்கலாம்.