நோய்க்கு வைத்த பெயர்கள் – 9: முயலகன்

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சில நாள் வாத்தியாரிடம் கேட்காமலே எழுந்து வெளியே ஓடுவான். தேடிப் போனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடப்பான். கைகால் வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும். யாராவது ஓடிவந்து சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நிற்கும். “இரும்பு பட்டதும் அடங்கிருச்சு பாத்தியா?” என்பார்கள்.

பெரும்பாலும் வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். சாவிக்கும் விபூதிக்கும் வேப்பிலைக்கும் பேர் கிடைத்தது இதனால்தான்.

கால்கை வலிப்பு என்பது பேச்சில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆயிற்று என்பார்கள். எபிலெப்ஸி என்ற சொல்லுக்குக் கிரேக்க வேர் ‘பிடித்துக்கொள்ளுதல்’. நம் ஊரில் பேய் ‘பிடிப்பது’ போலத்தான். ரோமாபுரியில் இதற்கு ‘மன்ற நோய்’ என்றொரு பெயர் இருந்தது. மக்கள் மன்றம் கூடியிருக்கும்போது ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் அபசகுனம் என்று கூட்டத்தையே கலைத்துவிடுவார்கள். விழுந்தவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆயுர்வேதம் சொல்லும் அபஸ்மாரம், நினைவு அகல்வதைக் குறிக்கும். நடராசர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் குள்ள உருவத்துக்கும் அதே பெயர். தமிழில் அவன் முயலகன். நோயின் பெயரும் அதுவே. கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளை வருத்திய முயலக நோய் தீர, திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பதிகம் பாடியதைப் பெரியபுராணம் சொல்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில் இன்றைய திருவாசிதான் அந்த ஊர். அந்தக் கோயில் நடராசரின் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது. மகளைக் கோயிலில் கிடத்திவிட்டுக் கலங்கி நின்ற அந்தத் தகப்பனை நினைக்காமல் என்னால் இந்தக் கதையைக் கடக்க முடிவதில்லை.

கிரேக்கர்கள் வலிப்பைப் ‘புனித நோய்’ என்றார்கள். நோயாளி ஆடு போலக் கத்தினால் தேவர்களின் தாய், குதிரை போலக் கனைத்தால் பொசைடன் என்று பூசாரிகள் ஆளுக்கொரு தெய்வத்தைக் கைகாட்டினார்கள். கி.மு. 400 வாக்கில் ஹிப்போக்ரட்டஸ் மரபில் வந்த ஒரு மருத்துவர், இதில் தனிப் புனிதம் எதுவும் இல்லை, காரணம் மூளையில் இருக்கிறது என்று ஒரு நூலில் எழுதிவைத்தார். மூளையிலிருந்து சளி இறங்குவதாக அவர் சொன்ன விளக்கம் தவறு. ஆனால் இடத்தைச் சரியாகக் காட்டிவிட்டார். மூளையின் மின்னோட்டத்தை ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்து வெளியிட 1929 வரை ஆயிற்று.

மூளையைக் காட்டியதற்காக மட்டும் நான் அந்தக் கிரேக்க நூலை நேசிக்கவில்லை. வலிப்பு வரப்போவது தெரிந்ததும் நோயாளி வீட்டுக்கு ஓடுகிறான், வீடு தூரமென்றால் ஆளில்லாத இடம் தேடி ஓடுகிறான், தலையை மூடிக்கொள்கிறான் என்கிறார் அந்த மருத்துவர். தெய்வத்துக்குப் பயந்தல்ல, வெட்கத்தால். தண்ணீர்த் தொட்டியின் அர்த்தம் எனக்கு அங்கேதான் விளங்கியது. வாத்தியாருக்குப் பயந்து ஓடுகிறான் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்த வெட்கத்தைச் சட்டமும் வளர்த்தது. திரும்பத் திரும்ப வரும் வலிப்பைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் வைத்து, திருமணத்துக்குத் தடை என்றது இந்து திருமணச் சட்டம். 1999-இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள்.

சின்னப் பிள்ளைகள் மட்டும் ஒளிந்துகொள்வதில்லை என்றும் அந்தக் கிரேக்கர் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு வெட்கம் இன்னும் தெரியாது. வலிப்பு வருகிறதென்று உணர்ந்ததும் அம்மாவிடம் ஓடுகிறார்கள்.

(தொடரும்)