புல்லுக்குப் பாயும் பொதுப்பணம்

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடையின்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், கிண்டி ரேஸ் கிளப் இடத்தை அரசு எடுத்துடுச்சு. உள்ளே இருக்கிற கோல்ஃப் மைதானத்தை ஏன் விடணும்? கவர்ன்மென்டே செலவு பண்ணி நல்லாக்கி, டிக்கெட் போட்டு எல்லாரையும் ஆட விடலாமே?"

நியாயமான கேள்விதான். சிரிச்சிட்டு நகர மனசு வரல.

அந்த இடம் சுமார் 160 ஏக்கர். 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை! வங்கியில் எத்தனையோ கடன் கோப்பு பார்த்தவன் நான். இப்படி ஒரு பத்திரம் என் மேசைக்கு வந்ததில்லை. வாடகை பாக்கி 730 கோடி என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு இடத்தை எடுத்துக்கொண்டது. 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவித்தது. மாநகராட்சி அங்கே குளம் வெட்டியது. கிளப் நீதிமன்றம் போனது. சட்டம் அதன் வழியில் போகட்டும், நான் மண்ணைப் பற்றிப் பேசுகிறேன்.

கோல்ஃப் மைதானத்துப் புல் என்ன புல் தெரியுமா? நம் போன்ற வெப்ப நாடுகளில் பெரும்பாலும் அருகம்புல் வகைதான். வரப்பிலிருந்து நாம் பிடுங்கி எறிகிற அருகுக்கு யாராவது தண்ணீர் பாய்ச்சுவோமா? ஆனால் குழி இருக்கும் 'கிரீன்' பகுதியில் அதை மூணு, நாலு மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். இலை குறைந்தால் வேரும் குறையும். வேர் மேலாகவே நின்றால் அடிக்கடி தண்ணீர் வேண்டும். அடியில் ஒரு அடிக்கு மணல் போடுவார்கள். மணலில் உரம் நிற்காது, அதனால் திரும்பத் திரும்ப உரம். ஈரமும் வெட்டுக்காயமுமாக நிற்கிற ஒற்றைப் பயிருக்குப் பூஞ்சாணம் வராமல் இருக்குமா? அதற்கு மருந்து. மைதானத்தை மேம்படுத்துவது என்றால் புதுத் தெளிப்பான், புது மணல், புதுப் புல். இந்த வட்டத்துக்கே மறுபடியும் முதலீடு!

நானே ஒரு தப்பு பண்ணியிருக்கேன். பூந்தமல்லி பக்கம் நிலம் வாங்கிய புதிதில் வீட்டு முன்னால் இரண்டு சென்ட் புல்தரை போட்டேன். கோடையில் கத்தரிக்கு விட்ட நேரத்தைவிட அந்தப் புல்லுக்கு மோட்டார் ஓடிய நேரம் அதிகம். 2019 வறட்சியில் செம்பரம்பாக்கம் ஏரியே காய்ந்தபோது அதைக் கொத்திப் போட்டுத் தட்டைப்பயறு விதைத்தேன்.

கணக்கு எளிது. மழையில்லாத நாளில் 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தால் ஏக்கருக்கு 20 ஆயிரம் லிட்டர். 50 ஏக்கருக்கு 10 லட்சம் லிட்டர், தினமும். நெல்லும் தண்ணீர் குடிக்கும், மறைக்கவில்லை. அது அரிசியும் வைக்கோலும் தருகிறது. சுத்திகரித்த கழிவுநீர் இருக்கே என்பார்கள். இருக்கட்டும், அதைக் கேட்டு வரிசையில் நிற்கும் தொழிற்சாலையும் ஏரியும் எத்தனை!

வெளிநாடுகளில் உள்ளாட்சிகளே நடத்தும் கோல்ஃப் மைதானங்கள் நிறைய. அங்கேயும் யோசனை மாறுகிறது. சிட்னியில் மூர் பார்க் 18 குழி மைதானத்தில் பாதியைப் பூங்காவாக்குவதாக 2023-ல் அரசு அறிவித்தது.

கிண்டியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த 160 ஏக்கரில் விழுவது சுமார் 65 லட்சம் லிட்டர். குளம் இருந்தால் அதில் ஒரு பகுதி நிற்கும், வேளச்சேரிக்கு வெள்ளம் குறையும். பொதுப்பணம் அதற்குப் போகட்டும். மைதானத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பூங்காவில் முதலிடம் தரணும், அதையும் சொல்லியாகணும்.

நண்பர் விடவில்லை. "பூங்கான்னாலும் புல்தானே சார் போடுவாங்க?"

மடக்கிட்டார். எங்கள் பகுதிப் பூங்காவுக்கே லாரித் தண்ணீரில் கொரியன் புல் வளர்க்கிறார்கள். அடுத்த வார்டு கூட்டத்துக்குப் புங்கன், நாவல், இலுப்பைக் கன்று பட்டியலோடு இரண்டு பேரும் போவதாக இருக்கிறோம்.