இழுக்கிற வண்டி நிற்குமா?

டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் வைத்திருக்கும் இரண்டு பேர் பஞ்சர் கடையில் சந்தித்துக்கொண்டால், பேச்சு மைலேஜில் தொடங்கிச் சுமைக்கு வந்து நிற்கும். “உன் வண்டி எத்தனை மூட்டை இழுக்குது?” என்ற கேள்விக்குப் பதில் வந்ததும் யோசனைகள் ஒவ்வொன்றாகக் கைமாறும். செயினை எவ்வளவு தளர்வாக வைப்பது, எந்த ஆயில் ஊற்றுவது, பின் டயருக்குக் காற்று எவ்வளவு, மூட்டையை எப்படிக் கட்டுவது என்று எந்தப் பள்ளியிலும் கற்றுத்தராத பாடங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த அறிவை ‘அனுபவப் பேச்சு’ என்று ஒதுக்குவது தவறு. அதில் பெரும்பகுதி எந்த எஞ்சினியரும் ஒப்புக்கொள்ளக்கூடிய உண்மை. ஆனால் அதில் ஒரு பெரிய இடைவெளியும் இருக்கிறது. வண்டி இழுக்குமா என்பதைப் பற்றி ஆயிரம் யோசனை சொல்லும் நம் வண்டிக்காரர்கள், அந்தச் சுமையோடு வண்டி நிற்குமா என்று கேட்பது அரிது. உயிர் தங்கியிருப்பதோ இரண்டாவது கேள்வியில்தான்.

ஓசூர் தொழிற்சாலையிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50 வெளிவந்தபோது, இருவர் அமர்ந்து செல்லக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் என்ற பெயரோடு வந்தது. ஆட்களை ஏற்றிச்செல்ல வந்த வண்டியைத் தமிழ்நாட்டின் சிறு வியாபாரிகளும் விவசாயிகளும் சரக்கு வண்டியாக மாற்றிக்கொண்டார்கள். காரணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. தாழ்வான சட்டம், ஹேண்டில்பாருக்கும் இருக்கைக்கும் நடுவே திறந்த இடம், கியர் மாற்றும் வேலை இல்லாத கிளட்ச், தெருவோர மெக்கானிக்கே பிரித்து மாட்டக்கூடிய எளிமை. 2015இல் வந்த எக்ஸெல் 100, 99.7 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு அதே வழியில் தொடர்ந்தது. குறைந்த வேகத்திலேயே இழுவிசை கிடைக்கும்படி அந்த எஞ்சின் அமைக்கப்பட்டிருக்கிறது. பால் கேன், இளநீர்க் குலை, மீன் பெட்டி, புல்லுக்கட்டு, கேஸ் சிலிண்டர் எல்லாம் இன்று ஏறிப்போவது இந்த வண்டியில்தான். பெரிய முதலீடு இல்லாத ஒருவருக்குத் தொழில் தொடங்க இதைவிட எட்டும் தூரத்தில் உள்ள வாகனம் வேறில்லை. அதனால்தான் இதைப் பற்றிய யோசனைகளின் தரம் பலருடைய பிழைப்பைத் தொடுகிறது.

முதலில் அந்த அறிவின் பலத்தைச் சொல்ல வேண்டும். “செயினை ரொம்ப டைட்டா வைக்காதண்ணே, லோடு ஏத்துனா இழுத்துப் பிடிச்சிடும்” என்று பழகிய மெக்கானிக் சொல்வார். இதற்குப் பின்னால் சரியான வடிவியல் இருக்கிறது. எஞ்சின் பக்கத்துப் பற்சக்கரம், ஸ்விங் ஆர்ம் பிணைந்திருக்கும் புள்ளி, பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டுக்கு வரும்போதுதான் செயினுக்குத் தேவைப்படும் தூரம் மிக அதிகம். பல வண்டிகள் காலியாக நிற்கும்போது பின் அச்சு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். சுமை ஏறி ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது மூன்றும் நேராகி, செயின் விறைத்துவிடும். காலி வண்டியில் இறுக்கமாக வைத்த செயின், சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது பேரிங்கையும் பற்சக்கரத்தையும் சேர்த்துத் தின்னும். கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றாதே என்பதும் அப்படிப்பட்ட யோசனைதான். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்திருக்கும். உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்த கார் ஆயில் அந்தத் தட்டுகளை வழுக்கவிடும். இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜாஸோ அமைப்பின் தரம் உருவானது. ஆயில் டப்பாவில் இன்று நாம் பார்க்கும் ‘எம்ஏ’, ‘எம்ஏ2’ எழுத்துகள் அதைத்தான் குறிக்கின்றன. ஸ்போக் கம்பிகளை ஸ்குரூ டிரைவரால் தட்டி, ஓசையைக் கேட்டே தளர்ந்த கம்பியைக் கண்டுபிடிப்பதும், பாதி நிரம்பிய பால் கேன் நிரம்பியதைவிட அதிகம் ஆட்டும் என்று எச்சரிப்பதும் இந்த அறிவின் நுட்பத்துக்குச் சான்றுகள்.

இனி இடைவெளிக்கு வருவோம். எக்ஸெல் 100க்கு நிறுவனம் தரும் சுமை அளவு சுமார் 130 கிலோ. ஓட்டுபவரின் எடையும் அதில் அடக்கம் என்பதைத்தான் பேச்சில் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓட்டுபவர் 65 கிலோ என்றால் சரக்குக்கு மிஞ்சுவது 65 கிலோ. 40 லிட்டர் பால் கேன் ஒன்று, பாத்திரத்தின் எடையோடு சேர்த்து 50 கிலோவை நெருங்கும். பின் சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு கேன் தொங்கினால் அதுவே 100 கிலோ. அந்த எடை முழுவதும் ஏறத்தாழ பின் அச்சின் மேலேயே இறங்குகிறது. வண்டியின் சொந்த எடையில் பாதியையும் ஓட்டுபவரின் எடையில் பாதிக்குமேலும் சேர்த்தால் பின் டயர் தாங்குவது 180 கிலோவைத் தொடும். இந்த வகை வண்டியின் டயர் ஓரத்தில் 41 என்ற எண் இருக்கும். முழுக் காற்றோடு அந்த டயர் தாங்கக்கூடிய எடை 145 கிலோ என்பதே அதன் பொருள். வேகம் குறைவாக இருந்தால் டயர் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகையை ஒரே ஒரு குழி பறித்துக்கொள்ளும். சக்கரம் குழியில் மோதும் கணத்தில் டயர்மீது இறங்கும் விசை, நிற்கும் எடையைவிடப் பல மடங்காக உயரக்கூடும்.

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். பின் அச்சைத் தாண்டிக் கேரியரில் வைக்கும் எடை, முன் சக்கரத்தைத் தூக்கும் நெம்புகோலாக வேலை செய்கிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மூட்டை ஒன்று பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், முன் சக்கரம் தன் எடையில் 15 கிலோவை இழக்கிறது, பின் சக்கரம் 75 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறது. முன் சக்கரத்தின் எடை குறைந்தால் ஹேண்டில்பார் லேசாகும், திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்காது, முன் பிரேக்குக்குச் சாலையில் பிடிப்பு இருக்காது. “லோடு இருந்தா முன் பிரேக்கைத் தொடாதே” என்று காலம் காலமாகச் சொல்லப்படும் யோசனையின் வேர் இதுவே. நோய் என்னவோ அங்கே சரியாகத்தான் உணரப்பட்டிருக்கிறது, மருந்துதான் தவறு. சாதாரணமாக ஒரு வண்டியைச் சீக்கிரம் நிறுத்தும் வலிமை முன் பிரேக்குக்கே அதிகம். அதைக் கைவிடச் சொல்வதைவிட, மூட்டையை முன்னால் நகர்த்தி முன் சக்கரத்துக்கு எடையைத் திருப்பித் தருவதே சரியான யோசனை.

பிரேக்கின் கணக்கு இன்னும் தெளிவானது. ஓடும் வண்டியின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் கூடுகிறது. நிற்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் சிறிய டிரம்மிலும் பிரேக் ஷூவிலும் வெப்பமாக மாற வேண்டும். ஓட்டுபவரோடு 150 கிலோ இருக்கும் வண்டி, இரண்டு பால் கேனோடு 250 கிலோ ஆகிறது. அதே 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பிரேக் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் வேலை செய்தாக வேண்டும். ஆனால் வேகத்தை 30ஆகக் குறைத்துவிட்டால், சுமை ஏறிய வண்டியின் ஆற்றல் காலி வண்டி 40இல் போகும்போது இருப்பதைவிடச் சற்றுக் குறைந்துவிடுகிறது. பத்து கிலோமீட்டர் வேகக் குறைப்பு 100 கிலோ கூடுதல் எடையின் விளைவை ஈடுகட்டும் என்ற இந்த ஒரு கணக்கு, பஞ்சர் கடைப் பேச்சில் இடம்பெற வேண்டிய முதல் யோசனை. பிரேக் தளர்ந்தால் பின் நட்டை முறுக்கிவிடு என்பதும் பாதி உண்மைதான். ஷூ தேயத் தேய நட்டை முறுக்கிக்கொண்டே போனால், பிரேக் கம்பிக்கும் அது இழுக்கும் நெம்புகோலுக்கும் இடையிலான கோணம் செங்கோணத்தைத் தாண்டிவிடும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறையவே செய்யும். அப்போது மாற்ற வேண்டியது ஷூ.

சுமைக்காக வண்டியில் செய்யப்படும் மாற்றங்களையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். கூடுதல் ஷாக் அப்சார்பர் மாட்டினால் பின்பக்கம் தாழாது. ஆனால் டயர், ஸ்போக், அச்சு, பிரேக் ஆகியவற்றின்மீது இறங்கும் எடையில் ஒரு கிலோகூடக் குறையாது. வண்டி தாழ்ந்து காட்டிய எச்சரிக்கை மட்டும் மறைந்துபோகிறது. முன் பற்சக்கரத்தில் பல் எண்ணிக்கையைக் குறைத்தால் மேட்டில் ஏறும் வலிமை கூடும், இறக்கத்தில் பிரேக்கின் வலிமை கூடாது. இழுக்கும் திறனைக் கூட்டும் மாற்றம் ஒவ்வொன்றும், நிற்கும் திறனுக்கும் தேவைக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்குகிறது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: “இருபது வருஷமா ஏத்துறேன், ஒண்ணும் ஆகலையே.” அனுபவத்தை மதிக்கும் எவரும் இதைக் கேட்டுத் தயங்கத்தான் செய்வார்கள். ஆனால் பஞ்சர் கடையில் நின்று யோசனை சொல்பவர் விபத்திலிருந்து தப்பியவர், அல்லது விபத்தே நேராதவர். டயர் வெடித்து விழுந்தவரின் அனுபவம் அந்தப் பேச்சில் சேர்வதில்லை. செயின் இறுகினால் சத்தம் வரும், கிளட்ச் வழுக்கினால் நாற்றம் வரும், எஞ்சின் திணறினால் கை உணரும். பிரேக்கின் போதாமைக்கு அப்படித் தினசரி அறிகுறி கிடையாது. ஒரு குழந்தை சாலையில் ஓடிவரும் அந்த ஒரு நாளில் மட்டுமே அது வெளிப்படும். அதனால்தான் இழுப்பதைப் பற்றி வளர்ந்த அளவுக்கு நிற்பதைப் பற்றி அனுபவ அறிவு வளரவில்லை. குறை வண்டிக்காரர்களின் புத்தியில் இல்லை. பாடம் கற்றுத்தரும் தவறுகளில் சில திரும்பி வந்து சொல்ல ஆளை விட்டுவைப்பதில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, நிறுவனம் தரும் அளவு வெறும் முன்ஜாக்கிரதை, வண்டி அதைவிட அதிகம் தாங்கும் என்பது. தாங்கும் என்பதில் ஐயமில்லை. எந்தப் பொறியாளரும் விளிம்பில் நிற்கும் அளவைக் கையேட்டில் எழுதமாட்டார். ஆனால் அந்த உபரி, தேய்ந்த டயருக்காகவும் மழையில் நனைந்த பிரேக்குக்காகவும் துருப்பிடித்த வெல்டிங்குக்காகவும் ஒதுக்கிவைத்த சேமிப்பு. புது வண்டியிலேயே அதைச் செலவழித்துவிட்டால், ஐந்து வருடம் ஓடிய பின் கைகொடுக்க எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இரண்டு கேன் ஏற்றினால்தான் பெட்ரோல் காசு கட்டுப்படியாகும், சின்ன லாரி வாங்கப் பணம் இருந்தால் யார் மொபெட்டில் ஏற்றுவார்கள் என்ற கேள்வியில் நியாயம் முழுமையாக இருக்கிறது. ‘சட்டப்படி ஏற்றாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது பொறுப்பான பதில் ஆகாது. ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை செலவே இல்லாதவை. கனமானதை இருக்கைக்கு முன்னால் தாழ்வாக வைப்பது, கேரியரில் லேசானதை மட்டும் கட்டுவது, வேகத்தைப் பத்து குறைப்பது, சுமைக்கெனக் கையேட்டில் தந்த அளவுக்குக் காற்றடிப்பது, ஷூ தேய்மானத்தை மாதம் ஒருமுறை பார்ப்பது ஆகியவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஷூவும் டயரும் மாற்றும் செலவு, கை கால் முறிந்து வேலை நின்றுபோகும் ஒரு வாரத்தின் இழப்புக்கு ஈடாகாது. அளவுக்கு மீறி ஏற்றத்தான் வேண்டும் என்கிற நிலையில் இருப்பவருக்குத்தான் இந்த யோசனைகள் மற்ற எல்லோரையும்விட அவசரம்.

இதில் தயாரிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு. சரக்கு ஏற்றும் படத்தைக் காட்டி விற்கும் வண்டியில், ஓட்டுபவரோடு சேர்த்து எத்தனை கிலோ, சுமையோடு காற்று எவ்வளவு, எடையை எங்கே வைப்பது என்ற மூன்றையும் தமிழில், அழியாத எழுத்தில், கேரியரிலேயே பொறிக்கலாம். இருக்கைக்கு அடியில் கிடக்கும் கையேட்டைவிட அது ஆயிரம் மடங்கு பயன்படும். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லும் பழக்கம் எந்த விழிப்புணர்வு வாரத்தையும்விட வேகமாகப் பரவும், ஆழமாக வேரூன்றும். செயினைப் பற்றிச் சொன்ன அதே வாய், ‘எத்தனை மூட்டை இழுக்குது?’ என்று கேட்டவுடன் ‘அத்தனையோட எத்தனை அடியில நிக்குது?’ என்றும் கேட்கத் தொடங்கினால் போதும். அந்தக் கேள்வி ஒவ்வொரு பஞ்சர் கடையிலும் வழக்கமாகிவிட்டால், நாற்பது ஆண்டுகளாக இந்த வண்டிக்காரர்கள் தாங்களே சேர்த்துவைத்த அறிவு அன்றுதான் முழுமை பெறும்.