ஒரே தொட்டியில் இரண்டு வகை வண்ண மீன்கள்: சேர்க்கும் முன் கவனிக்க வேண்டியவை

கறவை மாடு, கோழி ஆகியவற்றைப் போல வண்ண மீன் வளர்ப்பும் சிறு விவசாயிகளுக்கு ஏற்ற உபதொழிலாகும். கிணற்று நீரும், வீட்டின் பின்புறம் சிறிது நிழலும், இரண்டு மூன்று சிமெண்டுத் தொட்டிகளும் இருந்தால் போதும். சிறிய அளவில் தொடங்கிவிடலாம். சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற இடம்.

தொட்டிகள் குறைவாக இருக்கும்போது, இரண்டு வகை மீன்களை ஒன்றாக விட்டு இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணுவது இயல்பே. சில வகைகளுக்கு இது பொருந்தும். வேறு சிலவற்றைச் சேர்த்தால் ஓரிரு நாளிலேயே வாலும் துடுப்பும் கிழிந்துவிடும். அழகுக்காகவே விலை போகும் மீனுக்கு வால் கிழிந்தால் வியாபாரி வாங்கமாட்டார். ஆகவே இரண்டு வகைகளைச் சேர்க்கும் முன் கீழ்க்கண்டவற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியம்.

தண்ணீர் ஒத்துப்போகிறதா?

முதலில் பார்க்க வேண்டியது மீனை அல்ல, தண்ணீரை. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீர் கடின நீர். நம் ஊர்களில் பல ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர் இத்தகையதே. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் ஆகிய குட்டியிடும் மீன்களுக்கு இந்த நீர் நன்கு ஒத்துக்கொள்ளும். மோலி சற்று உப்பு கலந்த நீரையும் தாங்கும். ஏஞ்சல் மீனின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி. அது மென்மையான நீருக்குப் பழகியது. கடின நீரில் உயிர் வாழ்ந்தாலும், அதன் முட்டைகள் சரிவரப் பொரிப்பதில்லை. எனவே மோலிக்கும் ஏஞ்சலுக்கும் ஒரே நீரில் நல்ல பலன் எதிர்பார்க்க இயலாது.

வெப்ப நிலையும் முக்கியம். தங்க மீன் சீனாவில் தோன்றிய கெண்டை இனம். 18 முதல் 24 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள குளிர்ந்த நீரில் செழிப்பாக இருக்கும். ஏஞ்சலுக்கு 25 முதல் 30 டிகிரி வரை தேவை. ஒன்றுக்கு ஏற்ற நீர் மற்றொன்றுக்கு ஏற்றதல்ல. மேலும், தங்க மீன் அதிகம் தின்று அதிகம் கழிவு விடுவது. அக்கழிவில் உண்டாகும் அம்மோனியா, வெப்பம் கூடக் கூட அதிகத் தீங்கு செய்யும்.

வாயின் அளவும் குணமும்

ஒரு மீனின் வாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் அதற்கு இரையே. குஞ்சாக இருக்கும்போது ஏஞ்சலும் கப்பியும் பேதமின்றி நீந்தும். ஏஞ்சல் வளர்ந்து 15 செ.மீ. நீளத்தை எட்டக்கூடியது, ஆண் கப்பியோ 3 செ.மீ. அளவே இருக்கும். வளர்ந்த ஏஞ்சல் கப்பிக் குஞ்சுகளை ஒன்றுகூட விடாமல் தின்றுவிடும். சிறிய ஆண் கப்பிகளையும் விடாது. ஆகவே வாங்கும்போதுள்ள அளவைப் பார்க்கக் கூடாது. முழு வளர்ச்சியில் எவ்வளவு இருக்கும் என்பதைக் கேட்டறிய வேண்டும். ஆஸ்கார் மீன் ஒரு அடி வரை வளரும். சிறு மீன் எதனுடனும் அதைச் சேர்க்கலாகாது.

அளவு ஒத்திருந்தாலும் குணம் ஒத்திருக்க வேண்டும். டைகர் பார்ப் மீன் மற்ற மீன்களின் நீண்ட துடுப்புகளைக் கடித்து இழுக்கும் வழக்கமுடையது. ஆறுக்குக் குறையாத கூட்டமாக விட்டால் தமக்குள் துரத்தி விளையாடும். அப்போதும் ஏஞ்சல் போன்ற நீண்ட துடுப்பு மீன்களுடன் விடுவது ஆபத்தே. பைட்டர் எனப்படும் சண்டை மீனில் இரண்டு ஆண்களை ஒன்றாக விடவே கூடாது. வண்ண வால் விரித்த ஆண் கப்பியைக்கூட அது எதிரி எனக் கருதித் தாக்குவதுண்டு.

சாதுவான மீனும் முட்டையிடும் காலத்தில் குணம் மாறும். ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்ததும் தொட்டியின் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு, அருகே வரும் மற்ற மீன்களைத் துரத்தும். அதுவரை அமைதியாக இருந்தது என்பதை நம்பி விட்டுவைக்கலாகாது.

தீனி இருவருக்கும் கிடைக்குமா?

வேகமாக நீந்தும் மீன் தீனியை முந்திக்கொள்ளும். மெதுவாக நீந்துவது பட்டினி கிடக்கும். உருண்டை உடலும் இரட்டை வாலும் கொண்ட தங்க மீன் வகைகள் மெதுவாகவே நகரும். அவற்றைக் கோய் மீனுடன் விட்டால் தீனி முழுவதும் கோய்க்கே போகும். கோய் வெகு விரைவில் பெரிதாகி, தொட்டியே போதாமல் போய்விடும்.

பலரும் கவனிக்காத நஷ்டம்

ஒற்றுமையாக வாழும் இரண்டு வகைகளும் நஷ்டம் தரலாம். பிளாட்டியும் ஸ்வார்டு டெயிலும் நெருங்கிய உறவினங்கள், சண்டையின்றி வாழும். ஆனால் இரண்டும் கலந்து இனப்பெருக்கம் செய்துவிடும். கலப்புக் குட்டிகளில் வாலும் நிறமும் ஒரே சீராக அமையா. தரம் பிரித்து விற்க முடியாது. இரு வேறு நிறக் கப்பிகளை ஒரே தொட்டியில் விட்டாலும் இதே கதிதான்.

இதில் மற்றொரு சங்கடமும் உண்டு. பெண் கப்பி ஒருமுறை ஆணுடன் சேர்ந்தால், அந்த விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்து, சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு முறை வீதம் பல ஈற்றுகள் குட்டி போடும். தவறுதலாக ஒரு நாள் கலந்தாலும் அதன் விளைவு பல மாதங்கள் தொடரும். எனவே இனவிருத்திக்கான தொட்டியில் ஒரு வகையை மட்டுமே விட வேண்டும். குட்டிகளில் ஆண், பெண் அடையாளம் தெரியத் தொடங்கியதுமே தனித்தனியே பிரித்துவிடுவது நல்லது. இரண்டு வகைகளைச் சேர்ப்பதை விற்பனைக்கு வளர்க்கும் தொட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சேர்க்கும் முறை

புதிதாக வாங்கிய மீன்களை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து, வெண்புள்ளி முதலான நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தனித் தொட்டியின் வலையை மற்றத் தொட்டிகளில் பயன்படுத்தலாகாது.

மாலை வேளையில், மீனுள்ள பையைத் தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடங்கள் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்க்க வேண்டும். பின்னர் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தொட்டியில் ஏற்கெனவே உள்ள மீன்களுக்கு முன்னதாகத் தீனி போட்டுவிட்டால் துரத்துவது குறையும். உடைந்த மண் சட்டி, நீர்ச்செடி ஆகியவற்றைப் போட்டு வைத்தால் ஒளிய இடம் கிடைக்கும்.

முதல் நாள் முழுவதும், அடுத்த ஒரு வாரம் காலையும் மாலையும் கவனிக்க வேண்டும். ஒரு மீன் மூலையிலேயே ஒதுங்கி நிற்பது, துடுப்பை உடலோடு ஒட்டி வைத்திருப்பது, தீனிக்கு வராதது, வால் ஓரம் கிழிந்திருப்பது ஆகியவை பொருந்தாமையின் அறிகுறிகள். ஒன்று தென்பட்டாலும் உடனே பிரித்துவிட வேண்டும். இதற்கென ஒரு காலித் தொட்டியோ பெரிய பிளாஸ்டிக் தொட்டியோ எப்போதும் தயாராக இருப்பது நலம்.

இரண்டு வகை என்பதற்காக இரு மடங்கு மீன் விடலாம் என்பதில்லை. நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் தொகையை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம் எனில் சுமார் 1,340 லிட்டர். எத்தனை வகை விட்டாலும் அந்த நீர் அவ்வளவுதான்.

சுருக்கமாக

மோலியும் பிளாட்டியும் சேர்க்கலாம். மோலியும் கப்பியும் விற்பனைத் தொட்டியில் சேர்க்கலாம். பிளாட்டியும் ஸ்வார்டு டெயிலும் வளர்க்கலாம்; இனவிருத்திக்கு ஆகாது. ஏஞ்சலுடன் கப்பி, ஏஞ்சலுடன் டைகர் பார்ப், தங்க மீனுடன் ஏஞ்சல் ஆகிய மூன்றும் வேண்டாம்.

பாசியைத் தின்னும் என்று சக்கர் மீனைத் தங்க மீன் தொட்டியில் விடுவோர் உண்டு. வளர்ந்த சக்கர், மெதுவாக நீந்தும் தங்க மீனின் உடலில் ஒட்டி, மேலுள்ள வழவழப்பைச் சுரண்டிப் புண்ணாக்கும். வேண்டாம் என்று ஆனபின் அதை ஏரியிலோ ஆற்றிலோ விடுவது பெருந்தவறு. அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்து, மீனவர் வலைகளையும் கிழித்து வருகின்றன. தொட்டியில் பொருந்தாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதே முறை.