கேரளா பிளாஸ்டர்ஸ்: "பசங்க ஓடவே மாட்டேங்கிறாங்க" என்று ரசிகர்கள் கொதிப்பது ஏன்? உண்மையான கோளாறு எங்கே இருக்கிறது?

மூணாறில் இருந்து கொச்சி கலூர் ஜவாஹர்லால் நேரு மைதானத்துக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரவு 7.30 மணி ஆட்டம் என்றால் மதியமே வண்டி ஏறணும். ஆட்டம் முடிந்து மலை ஏறி வீடு சேரும்போது விடிய ஆரம்பித்துவிடும். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருந்து வருகிறவர்களுக்கும் தூரம் கிட்டத்தட்ட இதேதான். டிக்கெட், பயணம், சாப்பாடு, ஒருநாள் கூலி எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

இவ்வளவு செலவழித்துப் போய் உட்கார்ந்தால், கடைசி 10 நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்கிறது அணி. அப்போது வாயில் வருவது ஒரே ஒரு வாக்கியம்தான்: "பசங்க ஓடவே மாட்டேங்கிறாங்க."

இந்தக் கோபம் நியாயமானதா? குறை வீரர்களின் உழைப்பிலா, இல்லை கிளப் நடத்தப்படும் விதத்திலா? கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் 2024-25 சீசனை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம்.

2024 டிசம்பரில் என்ன நடந்தது?

இவான் வுகோமனோவிச் பயிற்சியில் 2021-22 தொடங்கி தொடர்ந்து மூன்று சீசன்கள் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போன அணி பிளாஸ்டர்ஸ். 2024 ஏப்ரலில் அவர் விலகினார். அவருக்குப் பதிலாக ஸ்வீடனைச் சேர்ந்த மிக்கேல் ஸ்டாரே வந்தார்.

ஸ்டாரேயின் கீழ் ஐ.எஸ்.எல். தொடரில் அணி ஆடியது 12 ஆட்டங்கள். அதில் வெற்றி 3, டிரா 2, தோல்வி 7. கைக்கு வந்தது 11 புள்ளிகள் மட்டுமே. கடைசி ஆட்டம் கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக நடந்தது. 86-வது நிமிடம் வரை 2-1 என்று பிளாஸ்டர்ஸ்தான் முன்னிலை. முடிவில் 2-3 என்று தோல்வி. அடுத்த இரண்டு நாளில் ஸ்டாரே நீக்கப்பட்டார்.

அதற்குள் ரசிகர்கள் பொறுமை இழந்திருந்தார்கள். அணியின் மிகப்பெரிய ரசிகர் அமைப்பான 'மஞ்ஞப்பட' (மஞ்சள் படை என்று பொருள்), சீசனின் மீதி ஆட்டங்களுக்கு கிளப்பிடம் டிக்கெட் வாங்கி விநியோகிப்பதில்லை என்று அறிவித்தது. மைதானத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நிர்வாகத்துக்கு எதிரான போராட்டங்கள் நடந்தன. 2015-ல் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 50,000-க்கும் மேற்பட்டோரை வரவழைத்த கிளப் இது. அதன் ரசிகர்களே "டிக்கெட் வேண்டாம்" என்று சொன்னது சாதாரண விஷயம் இல்லை.

வீரர்கள் உண்மையிலேயே உழைக்கவில்லையா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அந்த 12 ஆட்டங்களில் பிளாஸ்டர்ஸ் அடித்த கோல்கள் 19. வாங்கியவை 24. எதிரணிக்கு கோலே விடாத ஆட்டம் ஒன்றே ஒன்றுதான், சென்னையின் எஃப்.சி.க்கு எதிரான 3-0 வெற்றி.

ஆட்டத்துக்கு ஒன்றரை கோலுக்கும் மேல் அடிக்கிற அணியை "ஓடாத அணி" என்று சொல்வது கஷ்டம். முன்வரிசையில் நோவா சதாவி, ஹெசூஸ் ஹிமெனெஸ், நடுவில் கேப்டன் அட்ரியன் லூனா எல்லோரும் உழைத்தார்கள். ஓட்டை பின்வரிசையில்தான் இருந்தது. தற்காப்பில் ஒருவர் செய்யும் ஒரே ஒரு பிழை, 90 நிமிடம் பத்து பேர் ஓடியதை அழித்துவிடும். கேலரியில் இருந்து பார்க்கும் நமக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். உள்ளே அது பெரும்பாலும் ஒருங்கிணைப்பு இல்லாததன் விளைவு.

ஒரு உதாரணம். பந்தைப் பிடுங்க முன்வரிசை மேலே ஏறிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையும் அதே நேரத்தில் ஏறி வந்தால் எதிரணிக்கு இடம் கிடைக்காது. பின்வரிசை தயங்கி நின்றுவிட்டால் நடுவில் பெரிய வெற்றிடம் விழும். அதில் பந்து வந்து விழுந்ததும் எல்லாரும் திரும்பி ஓடுவார்கள், ஆனால் தாமதமாக. "பாரு, சும்மா நடக்கிறான்" என்று நாம் திட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அவர் ஓடவில்லை என்பதைவிட, எப்போது ஓட வேண்டும் என்பதில் அணிக்குள் ஒரே முடிவு இல்லை என்பதே சரி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்டாரே போனபிறகு உதவிப் பயிற்சியாளராக இருந்த டி.ஜி. புருஷோத்தமன் இடைக்காலப் பொறுப்பை ஏற்றார். மீதி 12 ஆட்டங்களில் அணி எடுத்தது 18 புள்ளிகள். வீரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். உழைப்புதான் பிரச்சினை என்றால், இரண்டு மாதத்தில் அதே ஆட்கள் எப்படித் திருந்தினார்கள்? ஆனாலும் முதல் பாதியில் விட்டதைப் பிடிக்க முடியவில்லை. 24 ஆட்டங்களில் 29 புள்ளிகளுடன் அணி 8-வது இடத்தில் முடித்தது. பிளே-ஆஃபுக்குப் போனது முதல் 6 அணிகள் மட்டுமே.

சரி, 'கலாசாரம்' என்று ரசிகர்கள் எதைச் சொல்கிறார்கள்?

தோல்வி மட்டும் என்றால் ரசிகர்கள் தாங்கிக்கொள்வார்கள். பிளாஸ்டர்ஸ் ரசிகர்களுக்கு அது பழகிப்போன ஒன்று. 2014, 2016, 2022 என மூன்று இறுதிப் போட்டிகள், மூன்றிலும் தோல்வி. அதில் 2016-ம் 2022-ம் பெனால்டி ஷூட்-அவுட்டில் போனவை. 2014-ல் தொடங்கிய கிளப், 2024-25 சீசன் முடியும்வரை ஒரு பெரிய கோப்பையைக்கூட வெல்லவில்லை. அதே காலத்தில் சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். பட்டம் வென்றது. மிகக் குறைந்த செலவில் நடக்கும் கோகுலம் கேரளாகூட 2020-21, 2021-22 என அடுத்தடுத்து இரண்டு ஐ-லீக் பட்டங்களை எடுத்தது.

ரசிகர்களின் குற்றச்சாட்டு மூன்று விஷயங்களைச் சுற்றித்தான் வருகிறது.

முதலாவது, நிலையில்லாத பயிற்சியாளர் நாற்காலி. டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், டெர்ரி ஃபெலன், ஸ்டீவ் கோப்பல், ரெனே மியூலென்ஸ்டீன், மறுபடியும் டேவிட் ஜேம்ஸ், நெலோ விங்காடா, ஈல்கோ ஷட்டோரி, கிபு விகுனா. முதல் 7 சீசன்களில் வந்துபோனவர்களின் பட்டியல் இது. இவர்களில் ஒருவர்கூட தொடர்ந்து இரண்டு முழு சீசன்களை முடிக்கவில்லை. வுகோமனோவிச்சுக்கு மூன்று ஆண்டுகள் கிடைத்தன, மூன்று முறையும் அணி பிளே-ஆஃபுக்குப் போனது. நேரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த கிளப்பின் சொந்தச் சரித்திரமே சாட்சி.

இரண்டாவது, நல்ல வீரர்களைத் தக்கவைக்காதது. சஹல் அப்துல் சமத் 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். 2023-24 சீசனில் 13 கோல் அடித்து தங்கக் காலணி வென்ற திமித்ரியோஸ் தியமந்தகோஸ் அடுத்த சீசனே ஈஸ்ட் பெங்கால் சட்டையில் வந்து நின்றார். ஜீக்சன் சிங்கும் அங்கேயே போனார். வீரரை விற்பது தப்பில்லை, எல்லா கிளப்பும் செய்வதுதான். அந்த இடத்துக்கு அதே தரத்தில் ஆள் வருகிறாரா என்பதுதான் கேள்வி. தற்காப்பில் அப்படி வரவில்லை என்று அந்த 24 கோல்கள் சொல்கின்றன.

மூன்றாவது, மாற்று ஆட்களின் பற்றாக்குறை. 2023 டிசம்பர் இறுதியில் பிளாஸ்டர்ஸ் புள்ளிப் பட்டியலின் உச்சியில் இருந்தது. அதற்குள் லூனா முழங்கால் காயத்தால் வெளியேறியிருந்தார். அடுத்து குவாமே பெப்ராவும் காயமடைந்தார். ஜனவரிக்குப் பிறகு அணி வரிசையாகத் தோற்று 5-வது இடத்துக்கு இறங்கியது. இரண்டு பேர் இல்லையென்றால் சரிந்துவிடும் அணியில், மிச்சம் இருப்பவர்கள் எவ்வளவு ஓடினாலும் போதாது.

கிளப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். சச்சின் சுரேஷ், விபின் மோகனன், முகமது அய்மென், முகமது அஸ்ஹர் போன்றவர்கள் பிளாஸ்டர்ஸின் இளையோர் அமைப்பில் இருந்து மேலே வந்தவர்கள். உள்ளூர்ப் பையன்களுக்குக் கதவு திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பையன்கள் தவறு செய்து கற்றுக்கொள்ள, பக்கத்தில் அனுபவசாலிகள் இருக்கணும். இல்லையென்றால் 22 வயதுப் பையன் தலையில்தான் மொத்தத் திட்டும் விழும்.

தோற்றால் கிளப்புக்கு என்ன நஷ்டம்?

யாரும் அதிகம் பேசாத விஷயம் இது. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ கடைசி மூன்று இடங்களில் முடித்தால் கீழ்நிலை லீக்கில் தள்ளிவிடுவார்கள். டிவி வருமானம் சரியும், வீரர்கள் ஓடிப்போவார்கள். அந்தப் பயமே நிர்வாகத்தை விரட்டும்.

ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியபோது அப்படி ஒரு விதி இல்லை. ஐ-லீக் சாம்பியன் மேலே வரும் வழி பின்னால்தான் திறந்தது. பஞ்சாப் 2023-லும், முகமதன் ஸ்போர்ட்டிங் 2024-லும் அப்படி வந்தவை. கீழே இறக்கும் விதி மட்டும் 2024-25 வரை நடைமுறைக்கு வரவில்லை. அதாவது 8-வது இடத்தில் முடித்தாலும், 13-வது இடத்தில் முடித்தாலும் அடுத்த வருஷம் அதே லீக்கில் அதே இடம். கீழே விழும் பயம் இல்லாத இடத்தில், நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் ஒரே சக்தி கேலரிதான். மஞ்ஞப்பட டிக்கெட்டில் கை வைத்ததன் அர்த்தம் இங்கேதான் புரியும்.

ரசிகர் போராட்டம் எதையாவது மாற்றுமா?

வெளிநாட்டு அனுபவம் இரண்டு மாதிரியாகவும் இருக்கிறது. 2021 மே 2 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்துக்கு எதிராக ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்துக்குள் புகுந்தார்கள். லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கிளேசர் குடும்பம் போகவில்லை. ஆனால் அதே ஆண்டு ரசிகர்களின் கொதிப்பை அடுத்து பிரிட்டன் அரசு ஒரு விசாரணையை நடத்தியது. அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில், கால்பந்து கிளப்புகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பை உருவாக்கும் சட்டமே வந்துவிட்டது.

ஜெர்மனியில் விஷயமே வேறு. அங்கே '50+1' விதிப்படி, ஒருசில விலக்குகள் தவிர, கிளப்பின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடம்தான் இருக்கணும். பணக்காரர் பங்கு வாங்கலாம், ஆனால் கிளப்பைத் தனியாக ஆட்டிவைக்க முடியாது.

நம்மூரில் அப்படி விதி எதுவும் இல்லை. பிளாஸ்டர்ஸில் சச்சின் டெண்டுல்கர் தன் பங்கை 2018-ல் விற்றபோதும் ரசிகர்களை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் டிசம்பர் போராட்டத்துக்குப் பிறகு, 2025 ஜனவரியில் ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பதாக கிளப் அறிவித்தது. மார்ச்சில் ஸ்பெயினைச் சேர்ந்த டேவிட் கத்தாலா புதிய பயிற்சியாளரானார். ஆலோசனைக் குழுவுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் அது ஒரு வாசல். உள்ளே போய் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதன் மதிப்பு.

அடுத்த சீசனில் நீங்கள் எதைக் கவனிக்கலாம்?

மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு இடையிலான ஃபின்லே ஷீல்டு போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். எஸ்டேட் அணி தோற்றால்கூட, முழுமூச்சாக ஆடியதா இல்லையா என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆடுகிறவர் பக்கத்து லயத்துக்காரர், மறுநாள் நேரிலேயே கேட்டுவிடலாம். தொழில்முறை கிளப்பில் அது முடியாது. அதனால் வேறு அளவுகோல்கள் வேண்டும்.

ஒன்று, கடைசி 15 நிமிடத்தில் அணி எத்தனை கோல் விடுகிறது என்று எண்ணுங்கள். அது உடற்தகுதியையும் மாற்று வீரர்களின் தரத்தையும் சேர்த்துக் காட்டும். இரண்டு, விற்கப்பட்ட வீரரின் இடத்துக்கு, சீசன் தொடங்குவதற்கு முன்பே ஆள் வந்துவிட்டாரா என்று பாருங்கள். கடைசி நேரத்தில் வருபவர் அணியோடு பழகவே மாதக்கணக்காகும். மூன்று, பயிற்சியாளருக்கு எத்தனை ஆட்டம் அவகாசம் தருகிறார்கள், அவர் கேட்ட வீரர்கள் கிடைத்தார்களா என்பதைக் கவனியுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் வீரர் நடந்துகொண்டிருந்தால் தாராளமாகத் திட்டலாம். மூன்றுமே ஆட்டம் கண்டிருக்கும்போது களத்தில் நிற்கும் பையனை மட்டும் திட்டுவது, ஓட்டை வாளியை விட்டுவிட்டுத் தண்ணீர் சுமந்தவரைத் திட்டுவது மாதிரி.

உங்கள் கோபம் நியாயமானதுதான். 260 கிலோமீட்டர் போய் வருகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்வி பின்வரிசை வீரரோடு நின்றுவிடாமல், அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் வரை போகணும். 2024 டிசம்பரில் கேலரி செய்தது அதைத்தான்.