காற்றாலையின் வரைபடம் மாறினால் பழைய அனுமதி செல்லுமா?

அரியாலைக் கடற்றொழிலாளர் வலை விரிக்கும் நீரேரியின் அக்கரையில் இருக்கிறது பூநகரி. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. எனினும் வடக்கின் காற்றின் மீதான நாட்டம் குறையவில்லை. இலங்கைக் கடலுக்குள் காற்றாலை அமைப்பதற்கான வழிகாட்டித் திட்டமொன்றை உலக வங்கி 2023 இல் வெளியிட்டது. நாளை வேறொரு நிறுவனம் வேறொரு வரைபடத்துடன் வரலாம். அனுமதி பெற்றபின் அந்த வரைபடமும் மாறலாம். அப்போது பழைய அனுமதி போதுமா?

போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அதன்படி, அனுமதி பெற்ற திட்டத்தில் மாற்றம் செய்பவர் அதனை அனுமதி வழங்கிய நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும். தேவையெனில் புதிய அனுமதியும் பெறவேண்டும். சிக்கல் அந்தத் 'தேவையெனில்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

'எண்ணிக்கையைக் குறைக்கிறோம், பாதிப்பும் குறையும்' என்பது நிறுவனங்கள் வழமையாகச் சொல்லும் நியாயம். கணக்குப் பார்ப்போம். 100 மீற்றர் விட்டமுள்ள 20 காற்றாலைகளுக்குப் பதிலாக 150 மீற்றர் விட்டமுள்ள 10 காற்றாலைகள் வருகின்றன என வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் சுழல்பரப்பும் 2.25 மடங்காகிறது. ஆகவே மொத்தச் சுழல்பரப்பு குறைவதற்குப் பதிலாக எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. வலசைப் பறவைகள் கடக்கவேண்டிய ஆபத்தான வெளி அதுதான். இறக்கையின் கீழ்முனை கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதும் முக்கியம்.

கடலுக்கடியில் பெரிய காற்றாலைக்குப் பருத்த தூண் வேண்டும். அதைச் சம்மட்டி இயந்திரத்தால் அறைந்து இறக்கும் ஓசை மீன்களையும் கடல்வாழ் பாலூட்டிகளையும் விரட்டும். மின்வடத்தின் பாதையைச் சில நூறு மீற்றர் நகர்த்தினாலும், தோண்டும்போது கலங்கும் சேறு புதிய இடத்துக் கடற்புல்லை மூடிவிடலாம். இறால், நண்டுக் குஞ்சுகள் ஒதுங்கி வளர்வது அங்கேதான்.

மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டன. அவற்றுக்காகப் போட்ட வீதிகளும் அத்திவாரங்களும் மழைவெள்ளம் வடிவதைத் தடுப்பதாக அங்குள்ள மக்கள் சொல்கின்றனர். புதிய காற்றாலைகள் வந்தபோது 2025 ஆகஸ்டில் அவர்கள் வீதிக்கு இறங்கினர். அத்திவாரம் போட்டபின் கேட்கும் கேள்விக்குப் பயன் குறைவு.

முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. வடிவமைப்பு மாறும்போது பழைய வரைபடத்தையும் புதியதையும் அருகருகே வைத்து, எண்ணிக்கை, விட்டம், அத்திவாரம், மின்வடப் பாதை, வேலை நடக்கும் மாதங்கள் என ஒவ்வொன்றிலும் என்ன மாறியது என்று கேளுங்கள். கடற்றொழிலாளர் சங்கங்கள் அதனைத் தமிழில், எழுத்தில் கேட்கவேண்டும்.

போருக்காக இடம்பெயர்ந்து, திரும்பிவந்து மீண்டும் வலை விரித்தவர்கள் எங்கள் மக்கள். காற்றாலை வேண்டாம் என்பதல்ல இங்கு வாதம். எங்கள் கடலில் எது மாறினாலும், அது எங்களுக்குத் தெரிந்தே மாறவேண்டும்.