பெயர் மாறினாலும் நிற்காத எழுத்து

திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு சிறு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் கேட்கிறார்: "லாக்ரொட்டேட் கான்ஃபிக்கை மாற்றிவிட்டேன். எந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யணும்?"

எதையும் செய்ய வேண்டாம். லாக் கோப்புகளைச் சுழற்றிப் பழையதை அழிக்க ரெட் ஹாட்டில் எரிக் ட்ரோன் எழுதிய இந்தச் சிறு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. தினமும் ஒரு முறை கிரானோ சிஸ்டம்டி டைமரோ எழுப்பிவிடும்போது கான்ஃபிக்கைப் புதிதாகப் படித்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். 'மைனஸ் டி' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், எந்தக் கோப்பையும் தொடாது.

இதில் எனக்கு அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. லாக்ரொட்டேட் பழைய லாக் கோப்புக்குப் பெயர் மாற்றிய பிறகும், எழுதிக்கொண்டிருந்த நிரல் அதே கோப்பில்தான் எழுதும். யூனிக்ஸில் கோப்பு வேறு, பெயர் வேறு. திறக்கும்போதுதான் நிரலுக்குப் பெயர் தேவை. திறந்த பின் அது பிடித்திருப்பது ஐநோடை, அதாவது பெயருக்குப் பின்னால் இருக்கும் கோப்பையே. தம்பானூர் ஸ்டேஷனில் நிற்கும் ரயிலின் பெயர்ப்பலகையை மாற்றினால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் யாராவது சொல்லாமல் இறங்குவாரா? அப்படிச் சொல்லும் வேலை கான்ஃபிக்கில் உள்ள 'போஸ்ட்ரொட்டேட்' பகுதிக்கு. என்ஜின்எக்ஸ் என்றால் யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பி, புதிய கோப்பைத் திறக்க வைக்கும். இது விட்டுப்போனால் புதிய கோப்பு காலியாகவே கிடக்கும். பழையதை அழித்தாலும், நிரல் அதை விடும்வரை டிஸ்கில் இடம் திரும்பாது. கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் 'டியூ' கட்டளையின் கணக்கில் வராத அந்த இடம், மொத்த டிஸ்கைச் சொல்லும் 'டிஎஃப்' கணக்கில் மட்டும் தெரியும்.

பல லினக்ஸ்களில் வாரம் ஒரு சுழற்சி, நான்கு பழைய பிரதிகள் என்பதே வந்தபடி இருக்கும் ஏற்பாடு. அதற்கு முந்தையது அழிந்துவிடும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவோ 180 நாள் லாக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. 4 என்பதை 26 ஆக்கினால் 182 நாள் கிடைக்கும். ஆனால் லாக்ரொட்டேட்.டி அடைவில் ஒரு சேவைக்குத் தனிக் கோப்பும் அதில் தனி எண்ணும் இருந்தால், அந்த எண்தான் செல்லும். அங்கே 'சைஸ்' என்று போட்டிருந்தால் வாரக் கணக்கே கிடையாது. லாக் பெருத்துக்கொண்டே போனால் 26 பிரதிகளும் 26 நாளிலேயே தீரலாம்.

திருவனந்தபுரம், 2001இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த ஊர். லினக்ஸை நிறுவத் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. நிறுவிய பின் லாக்கைத் திரும்பிப் பார்ப்பதும் அதே வேலையின் பாதி என்று நினைக்கிறேன். யாராவது உள்ளே புகுந்தால் மிஞ்சும் சாட்சி அதுதான். டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு எண்ணை மாற்றுங்கள். அடுத்த சுழற்சி முடிந்ததும், புதிய கோப்பில் வரிகள் விழுகின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே மாற்றம் முடிந்ததாகக் கொள்ளுங்கள்.